கங்கை பேசட்டும்!



எனக்கு முன்னால் பேசிய நண்பர் என்ன சொன்னார்? "நாவலை எல்லாம் தெரிந்த ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். பாத்திரமே 'நான், நான்' என்று சொன்னால், பக்கத்து அறையில் நடப்பதுகூட நமக்குத் தெரியாது" என்றார். கல்கியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். கல்கியை விட்டுக்கொடுக்கிறவன் நானும் இல்லை ஐயா!

எனக்குச் சொந்த ஊர் திருச்சுழிப் பக்கம். குண்டாற்றில் தண்ணீரைவிட மணலைத்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். பிழைப்புக்கு அருப்புக்கோட்டை வந்து, அம்மா தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் நூலகப் புத்தகத்தை நான் வாசிக்க வேண்டும். அம்மாவும் நாலைந்து பெண்களும் ராட்டை சுற்றிக்கொண்டே கேட்பார்கள். 'பொன்னியின் செல்வன்' ஆரம்பிக்கிறது. ஆடிப்பெருக்கு. வீரநாராயண ஏரி நிரம்பிக் கிடக்கிறது. கரைமேல் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். ஒரு பாட்டி ராட்டையை நிறுத்திவிட்டு, "தம்பி, அந்தத் தண்ணி கெடக்கிற எடத்த இன்னொருக்கா வாசி" என்றார்கள்! (கைதட்டல்) கரிசல்காட்டுக்காரனுக்கு ஏரியைக் காட்டியது கல்கியின் கண். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எல்லாம் தெரிந்த கல்கி, கடம்பூர் மாளிகையில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று அடித்துச் சொன்னாரா? (சிரிப்பு) 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியவர், அந்த இடம் வந்ததும் விளக்கை அணைத்துவிட்டார்! வந்தியத்தேவனோடு நம்மையும் இருட்டில் நிறுத்திவிட்டார். எழுபது வருஷமாக நாம் சண்டை போடுவது அந்த இருட்டால்தானே?

இப்போ ஜெயகாந்தனுக்கு வருகிறேன். 1966ல் 'அக்கினிப் பிரவேசம்' என்று ஆனந்த விகடனில் ஒரு சிறுகதை. மழையில் ஒரு கல்லூரிப் பெண் முன்பின் தெரியாதவன் காரில் ஏறுகிறாள். நடக்கக் கூடாதது நடந்துவிடுகிறது. தாய் அவள் தலையில் தண்ணீர் ஊற்றிச் சேர்த்துக்கொள்கிறாள். வெளியே நின்று ஆசிரியர் சொல்கிறார். படித்தவர்கள் எல்லாம் அந்தத் தாய் செய்தது சரியா தப்பா என்று மல்லுக்கு நின்றார்கள். அந்தப் பெண்ணை யார் கேட்டது? அதே சம்பவத்தை அவரே திருப்பி எழுதினார்: 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. 1972ல் சாகித்ய அகாதெமி விருது. இதில் தாய் கத்தி ஊரைக் கூட்டிவிடுகிறாள், அண்ணன் துரத்திவிடுகிறான். இப்போது கங்கையே 'நான்' என்று வாயைத் திறக்கிறாள்.

இதை வாசித்த அன்று அம்மா கேட்டார்கள்: "யாருப்பா இதச் சொல்றது?"

"அந்தப் பொண்ணேதாம்மா."

ராட்டை நின்றுபோச்சு.

எங்கள் தெருவில் எனக்கு அயித்தை ஒருத்தர் இருந்தார்கள். புருஷன் வீட்டிலிருந்து ஒரு ராத்திரி தனியாக நடந்தே வந்தவர்கள். 'அவ அப்படி, அவ இப்படி' என்று ஆளுக்கொரு கதை. எல்லாம் தெரிந்த ஆசிரியர்கள் எங்கள் தெருவில் மட்டும் ஐம்பது பேர் ஐயா! (சிரிப்பு) அதில் என் அம்மாவும் ஒருவர். மறைக்க மாட்டேன்.

மறுநாள் அம்மா அந்த வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். "மதினி, அன்னைக்கு என்ன நடந்துச்சு? நீங்க சொல்லுங்க, நான் கேக்குறேன்" என்றார்கள். பன்னிரண்டு வருஷத்தில் அயித்தையிடம் யாரும் கேட்காத கேள்வி. விளக்கு வைத்த பிறகும் பேசிக்கொண்டே இருந்தார்கள். என்ன பேசினார்கள்? என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். நண்பர் சொன்ன மாதிரி, பக்கத்து அறையில் நடந்தது எனக்குத் தெரியாது! (பலத்த கைதட்டல்)

மணி அடித்துவிட்டார் நடுவர்.