நோயின் பெயரும் நோயின் எண்ணும்



நம் வட்டாரத்தில் டிங்கி என்றால் சிறு பிள்ளைக்கும் விளங்கும். மருத்துவமனைப் பதிவேட்டிலோ அந்நோய் ஓர் எண்ணாகவே நுழைகிறது. அனைத்துலக நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் அதற்கு முதலில் இரண்டு குறியீடுகள் இருந்தன. சாதாரண டிங்கிக் காய்ச்சல் ஏ90. குருதிப்போக்கு டிங்கி ஏ91. இரண்டாவதன் வரையறைக்குள் முழுமையாக அடங்காத நோயாளிகளும் உயிராபத்தை எட்டுவதை மருத்துவர்கள் கண்டனர். ஆகவே 2009இல் உலகச் சுகாதார நிறுவனம் எச்சரிக்கை அறிகுறி இல்லாதது, உள்ளது, கடுமையானது என நோயை வேறு விதமாகப் பிரித்தது. குறியீட்டுப் பட்டியல் அதைப் பின்தொடரச் சில ஆண்டுகள் ஆயின. ஏ97 பிறந்தது, பழைய இரண்டும் நீக்கப்பட்டன. ஆயினும் அவ்வெண்களை வேறு நோய்க்குச் சூட்டவில்லை. சூட்டியிருந்தால், பழைய ஏடுகளைப் புரட்டுவோர் ஒரு நோயை மற்றொன்றாக எண்ணிவிடுவர்.

1893இல் பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டியோன் வகுத்தளித்தது இறப்புக் காரணங்களின் பட்டியல் மட்டுமே. 1948இல் ஆறாம் திருத்தம் உலகச் சுகாதார நிறுவனத்தின் பொறுப்பில் வந்தபோதுதான் உயிரோடிருப்போரின் நோய்களும் அதில் இடம்பெற்றன. பத்தாம் பதிப்பில் சிறு திருத்தங்களை ஆண்டுதோறும், பெருந்திருத்தங்களை மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்வது வழக்கமாயிற்று. முன்மொழிபவர் சான்று தரவேண்டும். வல்லுநர் குழு வாதிட்டு முடிவு செய்யும். அவசரத்திற்கென்றே சில எண்களை வெறுமையாக வைத்திருந்தனர். 2020இல் கோவிட்-19 நோய்க்கு யு07.1 உடனே கிடைத்தது அதனால்தான். பதினோராம் பதிப்பின் குறியீடுகளில் ஐ, ஓ என்னும் ஆங்கில எழுத்துகள் இல்லை. ஒன்று, சுழி ஆகிய இலக்கங்களோடு குழம்பும் என்பதே காரணம். பிழை திருத்தியே பழகிய ஆசிரியர்கள் இந்த முன்யோசனையை மெச்சுவார்கள்.

2019இல் ஏற்கப்பட்டு, 2022 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த அப்பதிப்பில் பக்கவாதம் இடம் மாறியது. குருதிச் சுற்றோட்ட நோய்களின் அத்தியாயத்திலிருந்து நரம்பு மண்டல நோய்களின் அத்தியாயத்துக்குச் சென்றது. மூளையைத் தாக்கும் நோய்க்கு அதுவே பொருத்தமான இடம் என்பது நம் எண்ணம். ஆனால் ஒரு நாடு புதிய பதிப்புக்கு மாறும் ஆண்டில், அத்தியாயவாரியாகக் கணக்கெடுத்தால், சுற்றோட்ட நோய்களால் நேரும் இறப்பு சட்டெனக் குறைந்ததுபோல் தோன்றும். அங்கே ஓர் உயிரும் கூடுதலாகக் காக்கப்பட்டிருக்காது. இதற்காகவே பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைக்கும் அட்டவணைகளை வெளியிடுகின்றனர். ஒரே இறப்புச் சான்றிதழ்களை இரு பதிப்புகளின்படியும் குறியிட்டு, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கணிப்பதும் உண்டு. பதிப்பு மாறிய ஆண்டில் வரைபடத்தின் கோட்டைத் தொடர்ந்து இழுக்காமல் முறித்து வரைவோரும் உளர்.