நம்ம கை பட்ட சாமானும் காட்சிக்கு வரணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில பேசிப் பழக்கம் இல்ல. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கின கை இது. மைக்கைப் பிடிச்சா நடுங்குது. தப்பா வந்தா பொறுத்துக்கோங்க.

விஜயகரிசல்குளத்தில் கண்காட்சி வச்சிருந்தப்ப எங்க குழுவிலிருந்து பிள்ளைகளையும் கூட்டிக்கிட்டுப் போனோம். நம்ம வெம்பக்கோட்டைப் பக்கம், வைப்பாற்றங்கரை மேட்டில் 2022 மார்ச்சில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்கியது. முதல் கட்டத்திலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. சுடுமண் பொம்மை, பாசிமணி, நூல் நூற்கிற தக்களி, விளையாட்டுச் சில்லு, யானைத் தந்தத்தில் செய்த பகடைக்காய் எல்லாம் இருந்தது.

அதிகமாகப் பார்த்தது சங்கு வளையல். முழு வளையல் மட்டுமில்ல, பாதியில் உடைந்ததும், அறுத்து மிச்சமான சங்கும் இருந்தது. கழிவும் சேர்ந்து கிடைத்ததால்தான் இங்கேயே வளையல் செய்திருக்கிறார்கள் என்று தெரிந்ததாம். பக்கத்தில் நின்ற மதினி மெதுவாகக் கேட்டாங்க: "வளையல் இருக்கு. அறுத்த ஆளு பேரு எங்க?"

அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை.

நம்ம ஏழாயிரம்பண்ணை சரித்திரத்தில் இருக்கிற ஊர். கட்டபொம்மனோடு நின்றதற்காக 1799-ல் கும்பெனிக்காரன் பறித்துக்கொண்ட பாளையங்களில் இதுவும் ஒன்று. பாளையக்காரர் கதை புத்தகத்தில் இருக்கிறது. தீப்பெட்டித் தொழிலுக்கும் கதை இருக்கிறது. 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்ததை எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு நூறு வருஷமாகக் குச்சி அடுக்கினது, பெட்டி ஒட்டினது, லேபிள் ஒட்டினது, சரம் பின்னினது பெரும்பாலும் யாரு? நாமதான். அது எங்கே எழுதியிருக்கு?

ஒரு உண்மையைச் சொல்றேன். மிஷின் வந்த பிறகு, எங்க அம்மா குச்சி அடுக்கின மரச்சட்டம் வீட்டில் சும்மா கிடந்தது. மழை நாளில் விறகில்லாமல் அதை அடுப்பில் வைத்தது நான்தான். அன்னைக்கு ஒண்ணும் தோணல. கண்ணாடிப் பெட்டிக்குள்ள உடைஞ்ச வளையலைப் பார்த்தப்பதான் உறைச்சது.

எங்க பெரியம்மா ஒரு பட்டாசு விபத்தில் போனாங்க. அவங்க தூக்குவாளி இன்னும் பெரியப்பா வீட்டுப் பரணில் இருக்கிறது. அதில் யாரையும் தண்ணி மோக்க விடமாட்டார். இந்த மாதிரி ஒரு சாமான் உங்க தெருவிலயும் இருக்கும்.

அதனால் ஒரு கோரிக்கை. கூட்டமைப்பு அலுவலகத்தில் ஒரு பீரோவும் ஒரு நோட்டும் ஒதுக்கணும். பழைய லேபிள், சம்பளச் சீட்டு, பெட்டி ஒட்டின பலகை, முதல் தீர்மான நோட்டு, எதுவானாலும் சரி. கொடுத்தவங்க பேரு, யார் வைத்திருந்தது, எந்த வேலைக்கு என்று எழுதணும். சாமான் கொடுத்தவங்களுக்கே சொந்தம். கேட்டால் திருப்பித் தரணும். "கடன் அடைக்கவே வழியில்ல, மியூசியம் எதுக்கு?" என்று கேட்பீங்க. இதுக்குப் பணம் வேண்டாம். இருப்பதை எடைக்குப் போடாமல் இருந்தாலே போதும்.

எப்போ நடத்துவது? மே 18 உலக அருங்காட்சியக தினம். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். அரசு அருங்காட்சியகங்களில் அப்போது போட்டி, கண்காட்சி நடக்கும். நமக்கும் அது தோது. மே மாசம் பிள்ளைகளுக்கு லீவு. பாட்டிகளிடம் கதை கேட்டு எழுதச் சொல்லலாம். தீபாவளி முடிஞ்சா பட்டாசு ஆபீஸ் லீவு. நவம்பரில் ஊர் மந்தையில் கண்காட்சி வைக்கலாம். ஜூலை 15 காமராஜர் பிறந்த நாளில் விருதுநகர் போய் அவர் வீட்டையும் பார்த்து வரலாம்.

இன்னொன்று. மண் வெட்டும்போது பழைய காசு, நகை, சிலை தட்டுப்பட்டால் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்கணும். வி.ஏ.ஓ.விடம் சொன்னால் வழி காட்டுவார். அதே இடத்தில் விட்டால்தான் அதன் கதையும் தெரியும்.

1989-ல் தர்மபுரியில் நம்ம மாநிலத்து மகளிர் குழுத் திட்டம் தொடங்கியப்போ, கையெழுத்துப் போடத் தெரியாத பெண்கள் எத்தனையோ பேர் கணக்கு நோட்டு எழுதக் கற்றுக்கொண்டார்கள். வரவு செலவு எழுதத் தெரிஞ்ச நமக்கு நம்ம அம்மா பேரை எழுதத் தெரியாதா?

இதைத் தீர்மானமாகப் போடுங்க என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் சாமானாக அந்தத் தூக்குவாளியைப் பெரியப்பாவிடம் கேட்டிருக்கேன். "எங்கே வைப்பீங்க? பத்திரமா இருக்குமா?" என்றார். அவருக்கு நாமதான் பதில் சொல்லணும்.