தங்கும் இடமும் செய்யும் வேலையும்



அந்நாளில் வழி நடந்தவர்களுக்குச் சத்திரமும் சாவடியும் இருந்தன. பொழுது சாய்ந்த ஊரில் எது இருந்ததோ அதுவே தங்குமிடம். தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லை. இன்றைய மாநகரங்களிலோ உயர்தர ஹோட்டல்கள் பல உள்ளன. நாளை நீங்களும் ஒரு நிறுவனத்தின் அலுவலாக அத்தகைய நகரம் ஒன்றிற்குச் செல்லக்கூடும். அப்போது எங்கே தங்குவது? சிறிய கேள்விதான். ஆயினும் ஒருவருடைய அறிவும் நேர்மையும் அதில் ஒருங்கே புலப்பட்டுவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஒப்பந்தம் பேச மும்பைக்குச் சென்றேன். கடலைப் பார்த்த அறை வேண்டும் என்னும் ஆசையால் நகரின் தென்கோடியில், கொலாபாப் பகுதியில் தங்கினேன். பேச வேண்டிய இடமோ வடக்கே பாந்த்ரா-குர்லா வளாகம். பத்து மணிச் சந்திப்புக்கு எட்டரை மணிக்கே காரில் ஏறினேன். மழையும் நெரிசலும் சேர்ந்துகொண்டன. போய்ச் சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். என்னைக் காண வேண்டியவர் வேறு கூட்டத்திற்குப் போய்விட்டார். ஒப்பந்தம் மூன்று வாரம் தள்ளிப்போயிற்று. ஹோட்டலின்மீது குறையில்லை, சொன்னபடியே அது கடலைக் காட்டிற்று. பிழை என்னுடையதே. வேலை எங்கே என்று பாராமல், அழகு எங்கே என்று பார்த்தேன்.

மும்பை வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் நகரம். ஜாம்ஷெட்ஜி டாட்டா எழுப்பிய தாஜ்மகால் ஹோட்டல், தெற்கே அப்பல்லோ பந்தரில் 1903-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. வெளிநாட்டார் கப்பலில் வந்திறங்கிய காலம் அது. வாணிகமும் அருகிலிருந்த கோட்டைப் பகுதியிலேயே நடந்தது. ஆகவே அவ்விடம் மிகப் பொருத்தமாக இருந்தது. இன்று பெரும்பாலோர் இறங்குவது வடக்கேயுள்ள விமான நிலையத்தில். தேசியப் பங்குச் சந்தை பாந்த்ரா-குர்லா வளாகத்தில் இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் தலைமை அலுவலகமும் பம்பாய்ப் பங்குச் சந்தையும் கோட்டைப் பகுதியில் இருக்கின்றன. எனவே ஒருவருக்கு வசதியான ஹோட்டல் மற்றவருக்கு இடைஞ்சல் ஆகிறது. தெற்கே கஃப் பரேடிலிருந்து இவ்வளாகம், விமான நிலையம் வழியாக வடக்கே ஆரே வரை செல்லும் நிலத்தடி மெட்ரோ இரயில் 2025 அக்டோபரில் முழுமை பெற்றது. அதன் நிலையத்திற்கு அருகே தங்குவோருக்கு நகரம் சுருங்கிவிட்டது எனலாம். ஆதலால் எத்தனை கிலோமீட்டர் என்று கேளாதீர்கள். காலை ஒன்பது மணிக்கு எத்தனை நிமிஷம் ஆகும் என்று கேளுங்கள்.

அடுத்து, நட்சத்திரக் கணக்கு. மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகம், விண்ணப்பிக்கும் ஹோட்டல்களைப் பார்வையிட்டுத் தரம் வழங்குகிறது. அது ஐந்தாண்டுக் காலம் செல்லும். அறையின் பரப்பு, வசதிகள், பாதுகாப்பு ஆகியவற்றை அது அளந்து சொல்லும். உங்கள் அறைக்கு நேர் கீழே கலியாண மண்டபம் இருந்து, நள்ளிரவு வரை மேளம் முழங்குமா என்பதைச் சொல்லாது. அதை நீங்கள்தாம் விசாரிக்க வேண்டும். அறை சாலைப் பக்கமா, உட்புறமா? எழுதுவதற்கு மேசையும் நல்ல விளக்கும் உண்டா? அதிகாலையில் புறப்படுவோருக்குச் சிற்றுண்டி கிடைக்குமா? பயணம் தடைப்பட்டால் எந்நாள்வரை பணம் திரும்பக் கிடைக்கும்? பளிங்குத் தரையைவிட இக்கேள்விகளுக்கான விடைகளே முக்கியமானவை.

வாடகையிலும் கவனம் வேண்டும். நாள் ஒன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு 18 விழுக்காடு சரக்கு சேவை வரி உண்டு. 10,000 ரூபாய் அறை 11,800 ரூபாய் ஆகிவிடும். சென்னை நிறுவனம் ஒன்று மகாராஷ்டிரத்தில் பதிவு பெறாதிருந்தால், மும்பை ஹோட்டலில் செலுத்திய அவ்வரியைத் தன் வரிக்கணக்கில் கழித்துக்கொள்ள இயலாது. ஆகவே வரியையும் சேர்த்த தொகையையே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் மலிவான இடமே நல்லதா? அதுவும் அன்று. நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கத் தொலைவில் தங்கி, உறக்கமின்றிச் சென்று, இலட்ச ரூபாய்க் காரியத்தைக் கெடுப்பது சிக்கனம் ஆகாது. வேலைக்கு உதவும் செலவு செலவே அன்று. பகட்டுக்காகும் செலவோ பிறர் பொருளைக் கரைப்பதாகும். நீங்கள் கையெழுத்திடும் பற்றுச்சீட்டின் பின்னால் உங்களை நம்பி அனுப்பியவர் ஒருவர் இருக்கிறார்.

ஆகவே அறையைப் பதிவு செய்யுமுன் உங்களையே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். இது என் சொந்தப் பணமாயின் இவ்வறையை எடுப்பேனா? இவ்வறை இல்லாவிடில் என் வேலை கெடுமா? இரண்டிற்கும் கூசாமல் விடை சொல்ல முடியுமானால், நீங்கள் தேர்ந்தெடுத்தது நல்ல இடமே. அங்கே நிம்மதியாக உறங்கலாம்; மறுநாள் நேரத்தோடு போய்ச் சேரலாம்.