மால்குடிக்கு டிக்கெட்

(பெங்களூரு கிளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கோடை விடுமுறைக்குக் குழந்தைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்பது பற்றிப் பேசும்படி காரியதரிசி கேட்டுக்கொண்டார். எங்கே என்பதைவிட, அதை யார் தீர்மானிப்பது என்று பேசுகிறேனே என்றேன். சம்மதித்தார்.

நம் அகங்களில் பிரயாணம் எப்படி நிச்சயமாகிறது? அப்பா லீவு போடுகிறார், அம்மா பெட்டி அடுக்குகிறாள், குழந்தைக்கு ஊர்ப் பெயர் தெரிவது கிளம்புவதற்கு முதல் நாள்தான். பெட்டியோடு பெட்டியாக அதுவும் வருகிறது. பிறகு, "இவ்வளவு செலவழிச்சு அழைச்சுண்டு வந்தா மொபைலையே பார்த்துண்டிருக்கான்" என்று குறைப்படுகிறோம். தான் கேட்காத ஊரை அவன் ஏன் பார்க்க வேண்டும்?

2020 கோடையில் ஊரடங்கு. மல்லேஸ்வரத்து வீட்டில் நாங்கள் ஆறு பேர், பேரனுக்குப் பதினொரு வயது, பேத்திக்கு எட்டு. ரயிலே ஓடவில்லை. "போக முடியாத ஊருக்குத் திட்டம் போடுங்கோ, பார்க்கலாம்" என்றேன். பேரன் அமேசான் காடு என்றான். பழைய தொலைக்காட்சித் தொடரை அப்போதுதான் பார்த்து முடித்திருந்த பேத்தி, மால்குடி என்றாள்.

ஆர்.கே. நாராயண் அந்த ஊரைக் கண்டெடுத்தது நம் பெங்களூரில்தான். 1930-ஆம் வருஷம், பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில், விஜயதசமியன்று, நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் ஒட்டவைத்த பெயர் என்று இங்கே பலர் சொல்வார்கள். அவரோ, சின்ன ரயில்வே ஸ்டேஷனோடு ஊர் தானாக மனக்கண்ணில் வந்து நின்றது என்று எழுதியிருக்கிறார். அந்த நோட்டில் தொடங்கிய 'ஸ்வாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' 1935-ல் லண்டனில் வெளியாயிற்று.

சார்ட் காகிதத்தில் ஊரை வரையச் சொன்னேன். ஒரே நிபந்தனை: எந்தக் கதையில் வருகிறது என்று காட்டாமல் எதையும் வரையக் கூடாது. சரயு நதி, மெம்பி மலை, ஆல்பர்ட் மிஷன் பள்ளிக்கூடம், லாலி ரோடு எல்லாம் ஒவ்வொன்றாக ஏறின. அகத்துக்காரி சமையலறையிலிருந்தே, "சாப்பாட்டுக்கு என்ன வழி?" என்றாள். இரண்டு நாள் புரட்டி, பெயர்ப் பலகையே இல்லாத 'போர்ட்லெஸ்' ஹோட்டலைப் பேரன் கண்டுபிடித்தான். அமேசானை அதற்குள் மறந்துவிட்டிருந்தான்.

அந்த வருஷம் ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது. ஷிவமொக்காவிலிருந்து தாலகுப்பா போகும் பாதையில் அரசாளு என்று ஒரு ஸ்டேஷன். 1980-களில் சங்கர் நாக் அந்தத் தொடரை எடுத்தபோது மால்குடி ஸ்டேஷனாக நடித்தது அதுதான். அதன் பழைய கட்டடத்தை ரயில்வே செப்பனிட்டு மால்குடி மியூசியம் ஆக்கிவிட்டது. "தாத்தா, இல்லாத ஊருக்கு ஸ்டேஷன் இருக்கு!" என்று பேத்தி குதித்த குதி இருக்கிறதே!

2022 ஏப்ரலில் நிஜமாகவே கிளம்பினோம். திட்டம் முழுக்க அவர்களுடையது. பெரியவர்கள் கொடுத்தது எல்லைகள் மட்டும்: நாலு நாள், முப்பதாயிரம் ரூபாய், பாட்டியின் முழங்கால். ஆளுக்கு ஓர் ஆசை கேட்கலாம். பேத்திக்கு அரசாளு. பேரனுக்கு ஆகும்பேயில் ராஜநாகம். பாட்டிக்கு சிருங்கேரி சாரதாம்பாள். மூன்றும் மூன்று திசை என்று பேரன் தலையில் கைவைத்தவன், வரைபடத்தைப் பிரித்ததும் நிமிர்ந்தான். தொடரின் தெருக் காட்சிகள் எடுத்ததே ஆகும்பேயில்தான். அங்கிருந்து சிருங்கேரி சுமார் 30 கிலோமீட்டர்!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். மைசூர் யாதவகிரியில் நாராயண் வாழ்ந்த வீடு 2016 முதல் மியூசியம். அதையும் சேர்க்க வேண்டும் என்று பேத்தி பிடிவாதம். வழியோ நேர் எதிர். நாலு நாளில் அடங்காது. அவள் அழுதாள். ஒரு நாள் கூட்டிவிடலாம் என்று என் பிள்ளை வாயெடுத்தான், நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். கடைசியில் அவளே பென்சிலால் அடித்துவிட்டு, பக்கத்தில் "தசரா லீவு" என்று எழுதினாள். பேரனுக்கும் ஏமாற்றம் இல்லாமல் இல்லை. ரோமுலஸ் விட்டேகர் 2005-ல் ஆகும்பேயில் தொடங்கிய மழைக்காட்டு ஆய்வு நிலையம் மிருகக்காட்சிசாலை அல்ல, கூண்டில் பாம்பைக் காட்டமாட்டார்கள் என்று படித்துத் தெரிந்துகொண்டான். காட்டைப் பார்த்தால் போதும் என்றான்.

பணக்கணக்கு அவனுக்கு நல்ல பாடமாயிற்று. எனக்கு 40 சதவிகிதம், பாட்டிக்கு 50 சதவிகிதம் என்று ரயிலில் முதியோர் சலுகையைக் கழித்து வைத்திருந்தான். அந்தச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டது. தங்கைக்கு அரை டிக்கெட் வாங்கினால் பெர்த் கிடையாது. 5 வயது முதல் 12-க்குள் இருக்கும் குழந்தைக்குப் பெர்த் வேண்டுமானால் முழுக் கட்டணம், 2016 முதல் அப்படித்தான். துண்டு விழுந்ததை எங்கே சரிக்கட்டினான் தெரியுமா? சிருங்கேரி நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு "ஸ்ரீமடம் பிரசாதம், 0 ரூபாய்" என்று எழுதிவிட்டான்!

தீர்த்தஹள்ளி வழியாகப் போன நாளில் சாப்பாட்டுக்கு நேரமே ஒதுக்கவில்லை. மணி மூன்று வரை எல்லோரும் பசியோடு காரில் உட்கார்ந்திருந்தோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அகத்துக்காரி வாய் திறக்காததுதான் அதிசயம். மறுநாள் காலை டிரைவரிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "பாட்டிக்கு ஊட்டா எல்லி?"

வித்யாசங்கரர் கோயிலில் 12 ராசித் தூண்கள். ஆளுக்கொரு தூணைத் தேடிக்கொண்டு நாங்கள் சுற்றிவர, பாட்டி துங்கைப் படித்துறையில் மீன்களுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தாள். அங்கே இறங்கிப் போகப் படி எத்தனை என்று முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்தவன் பேரன்.

மற்ற ஊர் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரே நாளில் போய்த் திரும்பும் இடத்தில் தொடங்குங்கள். பணமும் நாளும் எவ்வளவு என்று மறைக்காமல் சொல்லுங்கள். குழந்தை வரவு செலவு அறியட்டும். திட்டத்தில் ஓட்டை தெரிந்தால், ஆபத்து இல்லாத வரை, அடைக்க ஓடாதீர்கள். வீட்டில் படுக்கையில் பெரியவர் இருக்கிறார், கிளம்பவே முடியாது என்றால், போக முடியாத ஊருக்கே திட்டம் போடட்டும். படுத்திருப்பவரிடமே வழி கேட்கட்டும்.

இப்போது ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான். 2024 நவம்பரில் மாறிய விதி. அடுத்த பயணத்துக்குப் பேத்தி நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணி ஒரு தேதியை வட்டமிட்டிருக்கிறாள். எந்த ஊர் என்று எனக்கு இன்னும் சொல்லவில்லை.

அவள் வரைந்த மால்குடிப் படத்தைக் கொண்டுவந்து பின் வரிசை மேஜையில் வைத்திருக்கிறேன். பார்த்தவர்கள் தயவுசெய்து பழைய மடிப்பிலேயே மடித்து வையுங்கள். கிழிந்தால் எனக்குத்தான் திட்டு.