நீரிலும் மண்ணிலும் பயிர்க்கல்வி



உணவை விளைவிக்கும் கலை மாந்தர்க்குக் கற்பிக்கப்பட்ட ஒன்று என்பது சமணப் புராணங்களின் கூற்று. கேட்டதைத் தந்துவந்த கற்பக மரங்கள் வளம் குன்றி, மக்கள் பசித்து நின்ற காலத்தில், ஆதிபகவனாகிய விருஷபதேவர் அவர்களுக்கு ஆறு தொழில்களைக் கற்பித்தார் என ஜினசேனரின் ஆதிபுராணம் கூறும். வாள், எழுத்து, உழவு, கல்வி, வணிகம், சிற்பம் என்னும் அந்த ஆறனுள் உழவும் இடம்பெற்றது. மரங்கள் கொடுப்பது குறைந்தபோது கற்பிப்பது தொடங்கியது என்பதே அக்கதையின் சாரம்.

பசித்த பிள்ளைக்கு உணவு கொடுக்கும் அறத்தில் தமிழகம் நெடுந்தொலைவு வந்திருக்கிறது. 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், 1982 சூலை முதல் நாளன்று திருச்சி மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிவைத்த சத்துணவுத் திட்டம், 2022-இல் வந்த காலை உணவுத் திட்டம் ஆகிய மூன்றும் அதற்குச் சான்று. தட்டில் வந்து விழும் அந்தக் கீரை எவ்வாறு விளைந்தது என்பதைப் பிள்ளைக்குக் கற்பிக்கும் பணிதான் எஞ்சி நிற்கிறது. இதுவும் புதிய எண்ணம் அன்று. 1937-இல் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகீர் உசேன் குழு, காய்கனித் தோட்டத்தையும் கல்விக்குரிய கைத்தொழில்களுள் ஒன்றாக வைத்தது. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான வழிகாட்டுதல்களை மத்திய அரசு 2019-இல் வெளியிட்டது.

திருச்சிராப்பள்ளி என்றவுடன் காவிரியும் கொள்ளிடமும் அவற்றின் நடுவே திருவரங்கமும் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில், மணப்பாறைக்கு அப்பால் திண்டுக்கல் சாலையில் உள்ள வையம்பட்டிக்கு அந்த நீர்வளம் வாய்க்கவில்லை. வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரிச் சாகுபடி. ஆண்டுக்காண்டு ஆழம் தேடும் கிணறுகள். பொன்னணியாற்றில் அணை உண்டு; அதுவும் மலையில் மழை பெய்தால்தான் நிறையும்.

இத்தகைய வட்டாரத்துப் பிள்ளைக்கு உழவு பெரும்பாலும் தந்தையின் கடனாகவும் தாயின் கூலி வேலையாகவும் அறிமுகமாகிறது. “படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய்” என்னும் வசையைக் கேட்டே அது வளர்கிறது. பள்ளியில் பயிர்க்கல்வி தொடங்கும்போது முதலில் நீங்க வேண்டியது இந்த இழிவெண்ணம். எனவே எந்த முறையில் கற்பிப்பது என்பதை ஆராய்ந்தே முடிவு செய்ய வேண்டும்.

மண்ணில்லாமல் சத்துநீரில் பயிர் வளர்க்கும் ஹைட்ரோபோனிக்ஸ் முறை இன்று பலரையும் கவர்கிறது. அதன் வரலாறே ஒரு நல்ல அறிவியல் பாடம். வான் ஹெல்மான்ட் என்னும் அறிஞர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டாக வளர்ந்தது. மண்ணில் குறைந்தது ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். 1648-இல் வெளியான அம்முடிவில் இரண்டு பிழைகள் இருந்தன. இலைகள் காற்றிலிருந்து கரியமில வாயுவை உண்பதை அவர் அறியார். குறைந்த 2 அவுன்ஸையும் பொருட்படுத்தவில்லை. உட்வர்ட் என்பவர் புதினாவை வெவ்வேறு நீரில் வளர்த்து, அதன் முடிவுகளை 1699-இல் வெளியிட்டார். மழைநீரில் வளர்ந்ததைவிடத் தோட்ட மண் கலந்த நீரில் அது செழித்தது. அற்பமெனத் தள்ளப்பட்ட அந்தச் சிறு எடையில்தான் பயிரின் உயிர்ச்சத்து இருந்தது.

1860-களில் ஜெர்மானிய அறிஞர் சாக்ஸ், நாப் ஆகியோர் அச்சத்துகளை உப்புகளாக நீரில் கரைத்துப் பயிர் வளர்த்துக் காட்டினர். 1930-களில் கலிபோர்னியாவின் கெரிக் அதைச் சாகுபடி முறையாக்கினார். 1946 முதல் ஷோல்டோ டக்ளஸ் வங்காளத்தில், சரளையும் மணலும் நிரப்பிய எளிய தொட்டிகளைக் கொண்டு, சிற்றூர் மக்களுக்கு ஏற்ற மலிவான முறையை உருவாக்கினார். அது வங்காள முறை என்றே பெயர் பெற்றது.

பள்ளிக்கு விலையுயர்ந்த குழாய்களும் மின்மோட்டாரும் தேவையில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி பரப்பிய முறைக்கு மூடியுள்ள ஒரு வாளியே போதும். மூடியில் துளையிட்டு, தென்னை நார்க்கழிவு நிரப்பிய சிறு கிண்ணத்தில் நாற்றை வைத்து, வேர் நனையுமாறு சத்துநீர் நிரப்ப வேண்டும். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். மேலே உண்டாகும் இடைவெளியில் வேர் காற்றை உறிஞ்சும். நீரின் அமில காரத் தன்மை 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் இருத்தல் நலம். வாளிக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி படரும்; மூடி திறந்திருந்தால் கொசு முட்டையிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது எனில் மழைநீரே சிறந்தது. 100 சதுர மீட்டர் கூரையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதன் அளவு 1,000 லிட்டர். இக்கணக்கை மாணவரே போட்டுப் பார்க்கலாம்.

மூடிய வாளியில் நீர் ஆவியாகி வீணாவதில்லை. நிலத்துக்குள் வடிந்து போவதும் இல்லை. வறண்ட ஊருக்கு இது பெரும் நன்மை. ஆயினும் இம்முறையின் எல்லையையும் மாணவர் அறிய வேண்டும். கீரையும் புதினாவும் இதில் எளிதில் வளரும். சோளமும் நிலக்கடலையும் துவரையும் வயலைவிட்டு வாளிக்கு வரமாட்டா. சத்து உப்பு கடையிலிருந்து வர வேண்டும். அளவு தவறினால் தவற்றைத் தாங்கிக்கொள்ள அங்கே மண் இல்லை.

வெள்ளைக் குழாயில் வளர்வது அறிவியல், செம்மண்ணில் வளர்வது கூலி வேலை என்னும் எண்ணம் மாணவர் மனத்தில் பதிந்துவிட்டால், பயிர்க்கல்வியே பழைய வசைக்குத் துணைபோனதாகும். வையம்பட்டியை அடுத்த கடவூர் மலைப் பகுதி இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. வேளாண்மைப் பட்டம் பெற்று, கோவில்பட்டி ஆய்வுப் பண்ணையில் 1960-களில் பணியாற்றிய நம்மாழ்வார், மழையை நம்பிய உழவருக்கு வெளியிலிருந்து வாங்கும் விலையுயர்ந்த இடுபொருள் பொருந்தாது எனக் கண்டு அப்பணியைத் துறந்தார். பிற்காலத்தில் கரூர் மாவட்டக் கடவூரை அடுத்த சுருமான்பட்டியில், வறண்ட நிலத்தில் ‘வானகம்’ என்னும் பண்ணையை அமைத்து இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். மண்ணை மூடி வைத்தல், மழையைத் தேக்குதல், மரம் வளர்த்தல், கழிவை எருவாக்குதல் என்பன அங்கே பாடங்கள். 2013 திசம்பரில் அவர் மறைந்த பின்னும் அங்குப் பயிற்சி தொடர்ந்தது.

மண்ணின் பாடம் நீரின் பாடத்தினின்று வேறுபட்டது. வாளியில் எல்லாவற்றையும் அளந்து கொடுக்கலாம். மண்ணிலோ அளவிட முடியாத எண்ணற்ற உயிர்கள் உழைக்கின்றன. சத்துணவுக் கூடத்தின் காய்கறித் தோலும் வேப்பிலைச் சருகும் மட்கி எருவாவதைக் காணும் பிள்ளை, குப்பை என்ற சொல்லையே ஐயுறத் தொடங்கும்.

இங்கே அகிம்சை பற்றிய வினா எழுவது இயல்பு. மண்ணைக் கிளறினால் உயிர்கள் துன்புறும். ஆதலால் நீர்வழிப் பயிரே தீங்கற்றது என்று சிலர் கருதலாம். ஆனால் மண், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஐந்தும் ஓரறிவுயிர்களின் உடல் என்பதே ஜினநெறி. உப்பைச் செய்யும் ஆலையிலும் அதைச் சுமந்துவரும் வண்டியிலும் தீங்கு உண்டு. அது கண்ணுக்கு எட்டாத தொலைவில் நிகழ்கிறது, அவ்வளவே. வேண்டுமென்றே செய்யும் கொலையையும், இல்லறத்தார் தொழிலில் தவிர்க்க இயலாது நேரும் தீங்கையும் சமண அறம் வேறுபடுத்திக் காண்கிறது. பின்னதைத் தொடர்ந்து குறைத்து வருவதே இல்லறத்தாரின் கடமை. அக்கடமையைப் பழகுவதற்குத் தோட்டத்தினும் சிறந்த வகுப்பறை அரிது.

அரைக்கீரையை வேரோடு பிடுங்காமல் கிள்ளியெடுத்தால் அது மீண்டும் தழைக்கும். முருங்கையும் அகத்தியும் இலை கொடுத்துவிட்டு நிற்கும். இலையில் புழுவைக் கண்டால் நசுக்காமல் எடுத்து வேலியோரச் செடியில் விடலாம். நாற்றுக்கு வலை கட்டினால் புழு வருவதே குறையும். மூடாக்கு இட்ட மண்ணை அடிக்கடி கொத்த வேண்டியதில்லை. இவை சிறு செயல்களே. எனினும் கை தானே பழகிய கருணையை நூலால் புகட்டுதல் கடினம்.

ஆகவே கல்விப் பணிக்குக் கொடை வழங்கும் அறக்கட்டளைகள் இருவகைப் பாடத்தையும் ஒருசேர ஆதரிப்பது முறையாகும். ஒரு வகுப்புக்கு நான்கு வாளிகளும் அவற்றின் அருகிலேயே ஒரு சிறு பாத்தியும் போதும். இரண்டிலும் ஒரே நாளில் ஒரே கீரையை விதைக்கட்டும். ஊற்றிய நீர், செலவான பணம், அறுத்த கீரையின் எடை ஆகிய மூன்றையும் மாணவர் நாள்தோறும் குறிப்பேட்டில் எழுதட்டும். பாத்தியைக் கற்பிக்க ஊர் உழவர் ஒருவரை அழைத்து, ஆசிரியருக்கு நிகரான இருக்கையில் அமர்த்தட்டும். அவர் அவ்வகுப்பு மாணவர் ஒருவரின் தந்தையாகவோ பாட்டியாகவோ இருந்தால் இன்னும் சிறப்பு.

தன் வீட்டார் அறிந்த தொழில் பள்ளியில் பாடமாகி, கரும்பலகையில் எழுதப்படுவதைக் காணும் பிள்ளை நிமிர்ந்து அமரும். அன்று சத்துணவில் வெந்த கீரை அப்பிள்ளையின் கையால் கிள்ளப்பட்டதாயின், தட்டில் ஓர் இலையையும் அது மிச்சம் வைக்காது.