பிடித்துக்கொண்ட பிரேக்கு டிரம்மை விடுவிக்கும் முறை

(பேரிகையில் சங்க அங்கத்தினர்களும் லாரி டிரைவர்களும் கூடிய கூட்டத்தில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



கணக்குப் புத்தகங்களைப் பரிசோதிக்க வருகிறவன் லாரிப் பிரேக்கைப் பற்றிப் பேசுவானேன் என்று தங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஒரு சங்கத்தின் செலவுப் பதிவே என்னை இவ்விஷயத்திற்குக் கொணர்ந்தது. அச்சங்கத்தின் பெயர் இங்கு வேண்டுவதில்லை. அவர்களுடைய பழைய லாரி மழைக்காலத்தில் பத்து நாள், கைப்பிரேக்கு இழுத்தபடியே வெட்டவெளியில் நின்றது. பதினோராம் நாள் தக்காளி ஏற்றிப் புறப்பட்டபோது பின்சக்கரம் ஒன்று உருள மறுத்தது. அவசரத்தில் டிரம்மின் விளிம்பிலே சம்மட்டியால் அடித்தார்கள். டிரம் விண்டது, புது டிரம் வருமுன் தக்காளி அழுகிற்று. இடையில், அச்சக்கரத்தின் பிரேக்கை அடைத்துவிட்டு மற்றச் சக்கரங்களை நம்பிச் சேலத்துக்கு ஒரு நடை போகலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். டிரைவர் மறுத்துவிட்டார். தர்மபுரிக்கும் சேலத்துக்கும் இடையிலுள்ள தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் எத்தனை லாரிகள் பிரேக்குப் பிடிக்காமல் கெட்டன என்பதை அறிந்தவர் அவர். அவர் மறுத்தது முற்றும் நியாயம்.

பிரேக்கு என்பது நமக்குப் புதிய பொருளன்று. இறக்கத்தில் மாட்டு வண்டிச் சக்கரத்தின்மீது கட்டையை அழுத்துவதை நாம் கண்டிருக்கிறோம். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் புரூட் என்பவர், மலைச்சரிவில் வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸுகளைப் பிரேக்குக் கட்டையாக உபயோகிப்பதைக் கண்டே, 1897-ல் பிரேக்கு லைனிங் செய்யும் தொழிலைத் தொடங்கினார் என்பர். லாரியிலும் தத்துவம் அதுவே. வார்ப்பிரும்பு டிரம் சக்கரத்தோடு சுழலும். அதனுள்ளே பிறைபோன்ற இரண்டு ஷூக்கள் சுழலாது நிற்கும். மிதியை அழுத்தினால் ஷூக்கள் விரிந்து, அவற்றின்மேலுள்ள லைனிங் டிரம்மின் உட்சுவரை அழுத்தும். மிதியை விட்டால் ஸ்பிரிங் அவற்றை உள்ளிழுக்கும்.

டிரம் பிடித்துக்கொள்வதற்குக் காரணங்கள் மூன்று. ஈரத்தில் நின்ற வண்டியில் லைனிங்கும் டிரம்மும் துருவினால் ஒட்டிக்கொள்வது ஒன்று. ஸ்பிரிங் அறுந்தோ, ஷூவை விரிக்கும் தண்டு துருப்பிடித்தோ, எண்ணெய்ப் பிரேக்கில் பிஸ்டன் இறுகியோ, ஷூ திரும்பாமை மற்றொன்று. மூன்றாவதைப் பலர் அறியார். நெடுநாள் ஓடிய டிரம்மின் உட்சுவர் தேய்ந்து பள்ளமாகிறது. ஓரத்தில் தேயாத வரம்பு ஒன்று நிற்கிறது. ஷூ அப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்க, டிரம்மை வெளியே இழுத்தால் வரம்பு ஷூவில் மாட்டுகிறது. எத்தனை பேர் இழுத்தாலும் வராது.

ஆகவே செய்யவேண்டிய ஒழுங்கு இது. முதலாவது, பாரத்தை இறக்கி, சமதரையில் மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, அச்சின் கீழ் உறுதியான தாங்கியை வையுங்கள். ஜாக்கியை மாத்திரம் நம்பி வண்டியின் கீழ்ப் புகவேண்டாம். இரண்டாவது, கைப்பிரேக்கை விடுவியுங்கள். காற்றுப் பிரேக்கு வண்டிகள் பலவற்றில், காற்று இல்லாதபோது வலிய ஸ்பிரிங் ஒன்றே பிரேக்கை இறுக்கி நிற்கும். அதைப் பின்னிழுத்து நிறுத்துவதற்கென்றே போல்ட்டு உண்டு. பழகியவரே அதைக் கையாள வேண்டும். அந்த ஸ்பிரிங் அடைபட்ட உருளையைப் பிரிக்க முயன்றவர் உயிரிழக்க நேரிடும்.

மூன்றாவதே எல்லாவற்றிலும் முக்கியம். ஷூவைத் தளர்த்துங்கள். எண்ணெய்ப் பிரேக்கில் பின்தகட்டிலுள்ள துவாரத்தின் வழியாகப் பற்சக்கரத்தையும், காற்றுப் பிரேக்கில் ஸ்லாக் அட்ஜஸ்டரின் போல்ட்டையும், ஷூ உள்வாங்கும் திசையில் திருப்புங்கள். அட்ஜஸ்டர் துருப்பிடித்திருந்தால் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு பொறுங்கள். மேற்சொன்ன சங்கத்தார் இந்த ஓர் இரவு பொறுத்திருந்தால் டிரம் பிழைத்திருக்கும்.

நான்காவது, டிரம்மைப் பிடித்திருக்கும் திருகாணிகளைக் கழற்றி, அது ஹப்பின்மேல் அமரும் வளையத்தில் சிறிது எண்ணெய் விடுங்கள். லைனிங்கில் அது படலாகாது. பிறகு முகப்பில், போல்ட்டுகளுக்கு இடையே, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டுங்கள். பல டிரம்களில் மரையிட்ட இரண்டு துவாரங்கள் உண்டு. அவற்றில் தக்க போல்ட்டுகளைச் செலுத்தி மாறிமாறிச் சமமாக இறுக்கினால் டிரம் தானே எழும். விளிம்பில் அடிக்கலாகாது, வார்ப்பிரும்பு வளையாது, விண்டுபோம். கிரீசும் டயரும் உள்ள இடத்தில் நெருப்புக் காட்டுதலும் ஆகாது. டிரம் மிகு பாரமானது, இருவராக இறக்குங்கள்.

டிரம் வந்தபின் உள்ளிருக்கும் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதவேண்டாம். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. அது சுவாசப்பையிற் புகுந்து, பல வருஷங்களுக்குப் பின்னர்க் கொடிய நோயாய் வெளிப்படும். ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அகற்றுங்கள். டிரம்மில் வெடிப்பு உண்டா, அதன்மேல் வார்த்திருக்கும் உச்ச அளவுக்குமேல் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கழித்துவிடுங்கள். எண்ணெயில் நனைந்த லைனிங்கைக் காயவைத்து மறுபடி பூட்டாதீர்கள். லைனிங் மாற்றினால் ஓர் அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்றுங்கள். இன்றேல் பிரேக்குப் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வருமுன் காப்பது இதனினும் எளிது. வண்டியைக் கழுவிய பின்னும் மழையில் வந்த பின்னும், சிறிது தூரம் மெல்ல ஓட்டிப் பிரேக்கைச் சிலமுறை லேசாக அழுத்தி ஈரத்தை உலர்த்துங்கள். பல நாள் நிறுத்துவதானால், சமதரையில் கட்டை கொடுத்துக் கைப்பிரேக்கை விட்டு வையுங்கள். இடையிடையே சற்று நகர்த்துங்கள். காற்றுத் தொட்டியில் தேங்கும் நீரைத் தினமும் வடியுங்கள்.

முடிவாக ஒரு வேண்டுகோள். லாரி வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும், டிரம் கழற்றிப் பார்த்த தேதியும் கண்ட குறையும் எழுத ஒரு தனிப் பதிவேடு வைக்கட்டும். அடுத்த முறை நான் வரும்போது ரொக்கப் புத்தகத்துக்கு முன்பாக அதையே கேட்பேன். பிரேக்குச் சரியில்லை என்று டிரைவர் சொல்லும் நாளில், சரக்கு எவ்வளவு அவசரமாயினும், வண்டியை எடுக்கும்படி அவரைக் கட்டாயப்படுத்துவதில்லை என்று நிர்வாகிகள் இன்றே ஒரு தீர்மானம் செய்வார்களாயின், நான் இங்கு வந்தது பயனுள்ளதாகும்.