பனியில் ஒரு நீச்சல் வகுப்பு

ஐஸ்லாந்து போய் வந்தேன் என்றதும் எல்லோரும் வடதுருவ ஒளியைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். நான் அதைப் பார்க்கவில்லை. டிசம்பரில் அங்கிருந்த ஐந்து நாளும் மேகம்தான். நான் பார்த்தது நீச்சல் குளம்.

ரெய்க்யவிக் நகரில் அந்த மாதம் காலை 11 மணி வாக்கில்தான் விடிகிறது. அந்த இருட்டில், பனி கொட்டக் கொட்ட, திறந்தவெளிக் குளத்தில் பள்ளிப் பிள்ளைகள் நீந்துகிறார்கள். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீரால் குளம் வெதுவெதுப்பாக இருக்கிறது. சோப்புப் போட்டுக் குளித்த பிறகே இறங்க விடுவார்கள், எனக்கும் விலக்கில்லை.

அங்கே நீச்சல் கட்டாயப் பாடம். 1940இலேயே சட்டம் வந்துவிட்டது. மீன்பிடித்து வாழ்ந்த நாடு. நீந்தத் தெரியாத மீனவர்கள் கரை கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே மூழ்கிப் போயிருக்கிறார்கள். அந்தச் சாவுகள்தான் பாடவேளையாக மாறின.

குளக்கரையில் நின்றபோது என் வகுப்பு மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். கோடை விடுமுறையில் ஏரிக்குக் குளிக்கப் போனவன். ஜூன் மாதம் வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தது நான்தான். கடைசி வேலை நாளன்று, “ஏரிப் பக்கம் போகாதீங்கடா” என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தேன்.